கட்டடத்தப் பாக்காத கண்ணு, கடைசி பஸ்ஸப் பாரு

பிளஸ் டூ மார்க்கு வந்ததும் வந்துச்சு, நம்ம திண்ணையில உக்கார எடமில்லாமப் போச்சு கண்ணு. உங்க மாமன் நர்சிங்குங்கறான். தறிக்காரரு பி.காம்ங்கறாரு. பால் ஊத்த வர்ற பையன் "ஏ.ஐ. படிக்க வைங்க தாத்தா"ங்கறான். கால்நடை ஆஸ்பத்திரியில நான் கேட்ட ஏ.ஐ. மாட்டுக்குப் போடற சினை ஊசிதான். அதுலயும் நல்ல வருமானம்தான், மறுக்கல. இத்தனை பேரு பேசறாங்க, உன்னைய ஆரும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டாலும் நீ போனைப் பாத்துக்கிட்டே "ம்"ங்கறே. அது சரிங்கற "ம்"மா, போங்கடாங்கற "ம்"மான்னு உங்காயாளுக்கே புரியல.

அதனால நானும் என் பங்குக்கு ஒரு யோசனை சொல்லிப்போடறேன். ஆடு மேய்ச்சவன் காலேஜுக்கு யோசனை சொல்றானேன்னு சிரிக்காத. மேச்சேரி ஆட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கோணும்னு கவர்மென்ட்டே 1978ல பொட்டனேரியில ஆராய்ச்சி நிலையம் வெச்சுது. பெரிய படிப்புப் படிச்சவங்கெல்லாம் வந்து ஆட்டைத்தான் படிச்சாங்க. படிச்சவங்க ஆட்டைப் படிக்கலாம், ஆட்டுக்காரன் படிப்பைப் பத்திப் பேசப்படாதுன்னா என்ன ஞாயம்?

சந்தையில ஆடு புடிக்கறவனப் பாத்திருக்கறயா? கழுத்து மணிய அவன் பாக்கறதே இல்ல. தாடையப் புடிச்சு வாயைத் தொறந்து பல்லைப் பாப்பான். எத்தனை பல்லு போட்டிருக்குது, தேஞ்சிருக்குதான்னு பாத்துட்டுத்தான் துண்டுக்குள்ள கைய விட்டு வெலை பேசுவான். நம்ம மேச்சேரி ஆட்டுக்குக் கொம்பும் கெடையாது, கம்பளி முடியும் கெடையாது. அலங்காரம் பாத்து ஏமாற அங்க வழியே இல்ல. காலேஜுக்காரங்க நோட்டீசுல பாரு, கொம்பு, மணி, சலங்கை எல்லாம் இருக்குது. ஏ.சி. கிளாஸ் ரூமு, நீச்சல் குளம், ஹெலிகாப்டர்ல இருந்து எடுத்த போட்டோ. வாயைத் தொறன்னா மட்டும் தொறக்க மாட்டேங்கறாங்க.

நீ தொறக்க வை. நீ எடுக்கற பாடத்துக்கு எத்தனை வாத்தியாருங்க இருக்காங்க, அதுல நெரந்தரமா இருக்கறவங்க எத்தனை பேரு, போன வருசம் மூணாம் வருசப் புள்ளைங்க எத்தனை பேரு அரியர் இல்லாம வெளிய வந்தாங்க, லேப்புல ஒரு மிசினுக்கு எத்தனை பேரு, லைப்ரரி எத்தனை மணிக்குப் பூட்டறாங்க. இதுதான் பல்லு. ஆபீசுல கேக்காத. அங்க இருக்கறவங்க சிரிச்ச மொகமா "எல்லாம் இருக்குதுமா"ன்னுருவாங்க. கேன்டீன் வாசல்ல நிக்கற ரெண்டாம் வருசத்துப் புள்ளைகிட்டக் கேளு. அதுக்குக் கமிசன் இல்ல, உண்மையச் சொல்லிப்போடும்.

அப்புறம் ஒண்ணு. மார்க்கு வந்ததுலருந்து நீ "நல்ல யுனிவர்சிட்டியாப் பாக்கோணும்"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கற. பாரு, நான் வேண்டாங்கல. ஆனா நம்ம பக்கம் யுனிவர்சிட்டியப் புடிக்கற வேலையே உனக்கு இல்ல. 1997லயே அதைச் சேலத்துப் பக்கம் கருப்பூர்ல கொண்டாந்து வெச்சுட்டாங்க. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, நாலு மாவட்டத்துல இருக்கற கலைக் கல்லூரிங்களுக்குப் பெரியார் பல்கலைக்கழகம்தான் பட்டம் குடுக்குது. நீ செர்ரி ரோட்டு அரசு கலைக் கல்லூரியில படிச்சாலும் சரி, கோரிமேட்டு மகளிர் கல்லூரியில படிச்சாலும் சரி, மேட்டூர்ப் பக்கம் கிட்டத்துல இருக்கற அரசுக் கல்லூரியில படிச்சாலும் சரி, பட்டத்துல விழுகற முத்திரை ஒண்ணுதான். இன்ஜினியரிங்னா பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம்னு போர்டு போட்டவங்க மட்டும் அவங்க பட்டத்தை அவங்களே குடுத்துக்குவாங்க. அங்கத்த பீசு எவ்வளவுன்னு உங்கப்பன் கேட்டுட்டு வந்து, ரெண்டு நாளைக்கு ஆருகிட்டயும் பேசாம இருப்பான்.

வூட்டுலிருந்து போயிட்டு வந்து படிக்கறது என்னமோ கையாலாகாதவங்க படிப்புன்னு உன் சிநேகிதப் புள்ளைங்க சொல்றாங்களாமே? அவங்களுக்கு இதைச் சொல்லு. 1857ல மெட்ராஸ் யுனிவர்சிட்டிய ஆரம்பிச்சப்ப, லண்டன் யுனிவர்சிட்டி மாதிரியத்தான் எடுத்துக்கிட்டாங்க. பாடம் நடத்தறது காலேஜுங்க வேலை, பரீட்சை வெச்சுப் பட்டம் குடுக்கறது மட்டும்தான் யுனிவர்சிட்டி வேலை. அதுவே பாடம் நடத்தலாம்னு சட்டம் வந்தது 1904ல. ஒரே எடத்துல தங்கிப் படிக்கற மாதிரி யுனிவர்சிட்டி நம்ம தமிழ்நாட்டுல வந்தது 1929ல, செதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதுவரைக்கும் பல பேரு அவங்கவங்க எடத்துல சோறு தின்னுட்டு, கெடைச்ச காலேஜுல படிச்சுட்டுத்தான் ஜட்ஜும் கலெக்டரும் ஆனாங்க. அப்ப அவங்களுக்கு பஸ் பாஸும் இல்ல.

சரி, பல்லு பாத்தாச்சு. இனி காலைப் பாக்கோணும், அதாவது ரோட்டை.

உங்கப்பன் மேப்பைப் பாத்துட்டு "மேச்சேரியிலருந்து சேலம் என்ன, முப்பது சொச்சம் கிலோமீட்டர்தானே"ங்கறான். அவன் வண்டிய எடுத்தா முக்கால் மணியில போயிருவான், டீ கூட வழியில குடிக்க மாட்டான். நீ போகப்போறது டவுன் பஸ்ஸுல தாயி. அது ஓமலூருக்குப் போறதுக்குள்ள ஒவ்வொரு வேப்பமரத்துக்கும் நின்னு நலம் விசாரிக்கும். ஓமலூர்ல டிரைவர் இறங்கி டீ குடிப்பாரு. கருப்பூர் தாண்டி, அஞ்சு ரோட்டு நெரிசலுக்குள்ள பூந்து, புது பஸ் ஸ்டாண்டுக்குப் போயிச் சேரும். கோரிமேடுன்னா அங்கிருந்து இன்னொரு பஸ்ஸு. மாசித் திருவிழாவுல பத்ரகாளியம்மன் தேரு வெளிய வந்தா பஸ்ஸு உள்ளயே வராது. முகூர்த்த நாளுன்னா பஸ்ஸு வரும், உனக்கு எடம் இருக்காது. பத்தாததுக்கு மேட்டூர் அனல்மின் நிலையத்துலருந்து வர்ற சாம்பல் லாரி ஒண்ணு முன்னாடி போச்சுன்னா, தலைக்கு எண்ணெ வெச்சுட்டுப் போனவ பவுடர் பூசிட்டு வந்த மாதிரிதான் எறங்குவ.

ஒரு கணக்குப் போடு. போக ஒண்ணரை, வர ஒண்ணரை, ஆக நாளைக்கு 3 மணி நேரம். வருசத்துக்கு 180 வேலை நாளுன்னு வெச்சுக்க. மூணு வருசத்துக்கு 1,620 மணி நேரம். அதை 24 ஆல வகுத்துப் பாரு, 67 நாளுக்கு மேல வருது. ராவும் பகலுமா ரெண்டு மாசத்துக்கு மேல நீ பஸ்ஸுலயே குடியிருக்கப்போற. வாடகை இல்லாத வூடுதான், ஆனா கம்பியப் புடிச்சு நிக்கோணும். நின்னுக்கிட்டே படிக்கலாம்னு சொல்றவன் மேச்சேரி பஸ்ஸுல ஏறினதில்லைன்னு அர்த்தம். கைய எடுத்தா கீழ விழுந்துருவ, கீழ விழுகறதுக்கும் எடம் இருக்காது.

டிக்கெட்டு மிச்சம், அது வாஸ்தவம். 2021 மே மாசத்துலருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குக் கட்டணம் இல்ல. உங்காயா அதுல ஏறித்தான் மாசத்துக்கு நாலு தடவை நங்கவள்ளிக்குப் போயி மகளைப் பாத்து, நம்ம வூட்டுக் கதைய அங்க எறக்கிட்டு, அங்கத்த கதைய இங்க ஏத்திட்டு வர்றா. ஆனா அந்த பஸ்ஸு எல்லா நிறுத்தத்துலயும் நிக்கற பஸ்ஸு. சீக்கிரம் போற பஸ்ஸுல காசு குடுக்கோணும். காசைக் குடுக்கறயா, நேரத்தைக் குடுக்கறயான்னு தெனமும் வெடியால பஸ் ஸ்டாண்டுல நின்னு நீதான் முடிவு பண்ணோணும். பரீட்சை அன்னிக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத.

அரசுக் கல்லூரின்னா இன்னொண்ணு கேட்டுக்க. பல எடத்துல காலை ஷிப்ட், மத்தியான ஷிப்ட்னு ரெண்டு இருக்குது. மத்தியான ஷிப்ட்ல சேந்தா காலையில நல்லாத் தூங்கலாம்னு உனக்குத் தோணும். விடறது பொழுதோட. ஓமலூர் வந்து எறங்கும்போது இருட்டியிருக்கும். அதுக்கப்புறம் மேச்சேரிக்கு பஸ்ஸு எத்தனை மணிக்கு, அதை விட்டா அடுத்தது உண்டா இல்லையான்னு தெரிஞ்சுக்காம அப்ளிகேசன் போடாத. காலை ஷிப்ட்னா முதல் பஸ்ஸப் பாரு. முதல் பஸ்ஸு தவறினா முதல் பீரியடு போச்சு. முதல் பீரியடு நாலு தடவை போனா, 75 சதவீத வருகைப் பதிவுல ஓட்டை விழும். அப்புறம் பரீட்சை எழுத விடுங்கன்னு உங்கப்பனக் கூட்டிக்கிட்டுப் போயி கைகட்டி நிக்கோணும். அவன் அங்க கை கட்டறதை இங்க வந்து என்மேலதான் அவுப்பான்.

"காலேஜ் பஸ்ஸே வூட்டு வாசலுக்கு வருது தாத்தா"ங்கறயா? வரும். திருச்செங்கோடு, நாமக்கல்லு, மல்லசமுத்திரம்னு எங்கெங்க இருந்தோ மஞ்சக் கலர்ல வருது. அந்த பஸ்ஸு நல்ல பஸ்ஸுதான், எடமும் உண்டு, பாட்டும் உண்டு. ஆனா வெடியால கோழி கூவறதுக்கு முன்னாடி உன்னை ஏத்தி, பத்து ஊரு சுத்திக் காட்டிட்டுத்தான் கொண்டு போயிச் சேக்கும். சாயங்காலம் பெல்லு அடிச்ச கையோட கெளம்பிரும். லைப்ரரியில ஒரு புஸ்தகம் பாக்கோணும், வாத்தியார்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கோணும், கபடி ஆடோணும், ஒண்ணுக்கும் நிக்காது. மூணு வருசமும் அந்தக் காலேஜோட வகுப்பறைய மட்டும்தான் பாப்ப. நோட்டீசுல இருந்த நீச்சல் குளத்தை ஜன்னல் வழியாப் பாத்துக்கலாம்.

அதனால பீசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு திங்கக்கெழம வெடியால பையை மாட்டிக்கிட்டு, சோத்துப் போசியோட, காலேஜு நேரத்துக்குப் போயிட்டு காலேஜு விடற நேரத்துக்குத் திரும்பி வா. ஞாயித்துக்கெழம கார்ல போயி கட்டடம் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வர்றது பொண்ணு பாக்கற சோலி. வந்து எறங்கினதும் பத்துப் பக்கம் படிச்சுப் பாரு. கண்ணு சொக்காம இருந்துச்சுன்னா அந்த தூரம் உனக்கு ஒத்துவரும். சொக்குச்சுன்னா வேற எடம் பாரு. இதுக்கு நீட்டு, கவுன்சலிங்கு ஒண்ணும் வேண்டாம்.

இனி வூட்டைப் பாக்கோணும். இதைச் சொன்னா உங்கப்பனுக்குக் கோவம் வரும், அவன் தோட்டத்துக்குப் போயிருக்கற நேரமாச் சொல்லிப்போடறேன்.

உங்கண்ணனுக்கு என்ன பண்ணுனாங்க? பத்தாவது முடிச்சதும் நாமக்கல்லுப் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல கொண்டு போயி விட்டாங்க. முட்டைக்குப் பேரு போன ஊரு, பள்ளிக்கூடத்தையும் ஊருல எல்லாரும் பிராய்லர் பள்ளின்னுதான் சொல்லுவாங்க. வெளக்கு அணைக்காம, வெளிய விடாம, தீனி போட்டு எடை பாத்து அனுப்புவாங்க. அங்கிருந்து நேராக் கோயமுத்தூரு ஹாஸ்டலு. அவனுக்கு ஆரும் பஸ் டைம் பாக்கல, கடைசி பஸ்ஸுன்னு ஒரு வார்த்தை பேசல. உனக்குன்னதும் திண்ணையில ஒக்காந்து கிலோமீட்டர் எண்ணறாங்க. "பொட்டப்புள்ள, கண்ணு முன்னாடி இருக்கட்டும்"ங்கறான் உங்கப்பன். ரொம்ப நல்ல மனசு. நீ கண்ணு முன்னாடி இருந்தா பாசமும் இருக்கும், பாத்திரமும் கழுவியிருக்கும். வூட்டுலிருந்து படிக்கறதுக்கு செலவே இல்லைன்னு சொல்றாங்களே, செலவு உண்டு. வெடியால வாசல் கூட்டி, கோலம் போட்டு, தண்ணி புடிச்சு வெச்சுட்டு பஸ்ஸு ஏறி, பொழுதோட வந்து துணி மடிச்சு, சோறாக்கி, விருந்தாளிக்குக் காப்பி வெச்சுட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல புஸ்தகத்தைத் தொட்டா அதுதான் செலவு. அந்த ரசீது மட்டும் உன் பேருல வரும்.

"பணம் இல்லைடா பாப்பா"ன்னு உங்கப்பன் சொன்னான்னா, நீ சாதுவா ரெண்டு சங்கதி கேளு. ஆறாம் வகுப்புலருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட்டுப் பள்ளியில படிச்ச புள்ள நீ. உனக்கு இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மாதிரி தொழிற்படிப்புல 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்குது. அதுல எடம் கெடைச்சா படிப்புக் கட்டணம் மட்டுமில்ல, ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசாங்கமே கட்டும்னு 2021லயே சொல்லிட்டாங்க. கலைக் கல்லூரியா இருந்தாலும் 2022லருந்து புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா உன் பேங்க் கணக்குக்கு வரும். அந்தக் கார்டை மட்டும் உங்கண்ணன் கையில குடுத்துராத, அவன் போனுக்கு ரீசார்ஜ் ஆகிரும்.

ரெண்டாவது, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் கல்லூரி விடுதிங்க. இப்ப சமூகநீதி விடுதின்னு பேரு மாத்தியிருக்காங்க. சாப்பாடும் தங்கறதும் காசில்ல. வருமான வரம்பு உண்டு, அதைத் தாசில்தார் ஆபீசுல பாத்துக்கலாம். நான் ரசிச்சது அதுல இருக்கற தூரக் கணக்கு. வூட்டுக்கும் காலேஜுக்கும் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல இருந்தாத்தான் பசங்களுக்கு எடம். பொண்ணுங்களுக்கு அந்தத் தூரக் கணக்கே வேண்டாம்னு விட்டுட்டாங்க. பக்கத்துத் தெருவுல வூடு இருந்தாலும், அங்க படிக்க முடியலைன்னா வந்து தங்கிக்கன்னு கவர்மென்ட்டுக்கே தோணியிருக்குது. இந்தத் திண்ணைக்குத் தோணல.

அதுக்காக ஹாஸ்டல்னா சொர்க்கம்னு துள்ளாத. நீ எதுக்குத் துள்ளறன்னு எனக்குத் தெரியும். உங்கம்மா பேச்சு கேக்க வேண்டாம், ராத்திரி பன்னெண்டு மணிக்கு நூடுல்ஸ் கிண்டலாம். பொண்ணுங்க ஹாஸ்டல்ல பொழுது எறங்கறதுக்குள்ள கேட்டைப் பூட்டிருவாங்க, உங்கப்பன் பரவால்லன்னு ஆயிரும். டெல்லியிலயே 2015ல பொண்ணுங்க இந்தப் பூட்டை எதுத்து ரோட்டுக்கு வந்தாங்க, பிஞ்ச்ரா தோட்னு அந்தப் போராட்டத்துக்குப் பேரு. பசங்க ஹாஸ்டலுக்கு ஒரு நேரம், பொண்ணுங்க ஹாஸ்டலுக்கு ஒரு நேரம்னா அது என்ன கடிகாரம்னு கேட்டாங்க. ஞாயமான கேள்வி. அதனால ஹாஸ்டல்ல சேர்றதா இருந்தாலும் அங்கயும் பல்லைப் பாத்துக்க. கேட்டு எத்தனை மணிக்கு, லைப்ரரி எத்தனை மணிக்கு. லைப்ரரி எட்டு மணி வரைக்கும் தொறந்திருந்து, கேட்டு ஆறு மணிக்குப் பூட்டினா அந்த லைப்ரரி உனக்கு இல்ல.

என் முடிவு இதுதான். நீ கேக்கற பாடம், நல்ல வாத்தியாரோட, ஒரே பஸ்ஸுல போயி வர்ற தூரத்துல இருந்தா வூட்டுலயே இருந்து படி. அதே முத்திரைக்கு வெளியூருல வாடகை கட்டறது புத்திசாலித்தனம் இல்ல. நீ கேக்கற பாடம் இந்தப் பக்கமே இல்லைன்னா, பஸ்ஸுக்குத் தகுந்த மாதிரி பாடத்தை மாத்திக்காத. விலங்கியல் வேணும்கறவ, வூட்டுக்கிட்ட இருக்குதுன்னு வணிகவியல்ல சேந்தா, மூணு வருசம் கழிச்சு சீக்கிரம் வூட்டுக்கு வந்துட்ட பட்டதாரின்னு பேரு எடுப்ப, அவ்வளவுதான். அப்போ ஹாஸ்டலுக்குப் போ. உங்கப்பனை நான் பாத்துக்கறேன். அவனை எஸ்.எஸ்.எல்.சி.ல ஒக்கார வெச்சதும் நான்தான், ரெண்டு தடவை.

வூட்டுலதான்னு ஆனா, ஒரு ஒப்பந்தம் எழுதோணும். ராத்திரி ஏழு மணிக்கு மேல உன்னைய ஆரும் கூப்பிடப்படாது. அந்த உள் ரூமு உனக்கு. அதுல இருக்கற நெல்லு மூட்டையும் உங்காயா வெங்காயமும் வெளிய வரோணும். பரீட்சை வாரத்துல கோலத்தை உங்கண்ணன் போடோணும். லீவுல வந்தா ஒரு வேலை செய்யறதில்ல, கோடு போடப் பழகட்டும். கடைசி பஸ்ஸு தவறிப்போச்சுன்னு நீ போன் பண்ணுனா, "ஏன் தவறுச்சு"ன்னு கேக்காம, வண்டிய எடுத்துக்கிட்டு ஓமலூருக்கு வரோணும். கேள்வியெல்லாம் வூட்டுக்கு வந்து, சாப்பிட்டதுக்கு அப்புறம் கேட்டுக்கலாம். இதுல கையெழுத்துப் போட உங்கப்பன் யோசிச்சான்னா, வேற சாட்சியே வேண்டாம் கண்ணு. அன்னிக்கே ஹாஸ்டல் அப்ளிகேசன் வாங்கிட்டு வா, ஜாமீன் கையெழுத்து நான் போடறேன். கைநாட்டு இல்ல, கையெழுத்தேதான்.